சிர்ஹிந்தின் சுவரும் மாலேர்கோட்லாவின் குரலும்



பெரம்பலூரிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையை அடுத்து ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. ஆர்க்காட்டு நவாபுக்கு அடங்கிய ஜாகீர்தார் ஒருவர் பதினேழாம் நூற்றாண்டில் எழுப்பிய கோட்டை அது என்பர். நவாப், ஜாகீர்தார், திவான் என்னும் சொற்கள் நம் ஊர்ப்பக்கத்துக்கு எங்கிருந்து வந்தன? தாலுக்கா அலுவலகத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் ஜமாபந்தியும், வருவாய்க் கணக்கில் எழுதப்படும் பசலி ஆண்டும், தாசில்தார் என்னும் பதவிப் பெயரும் எப்படி வந்தன? இவையெல்லாம் மொகலாயர் ஆட்சி முறை நமக்கு விட்டுச் சென்ற சொற்கள். 1698ஆம் ஆண்டில் மொகலாயத் தளபதி ஸுல்பிகார் கான் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தபோது, டில்லியின் கை நம் நாட்டின் தென்கோடியை எட்டியது. அதன் பிறகு கர்நாடக நவாபுகள் என்னும் மாகாண அதிகாரிகள் இப்பகுதியில் வரி தண்டினார்கள்.

நம் ஊரில் வரியோடும் போரோடும் மட்டும் அறியப்பட்ட இந்த மாகாண ஆட்சி, அதே காலத்தில் வடமேற்கே பஞ்சாப் நாட்டில் வேறொரு முகத்தைக் காட்டியது. அங்கே ஓர் அதிகாரி, தம் கையில் சிக்கிய இரண்டு சிறுவர்களை உயிரோடு சுவர் வைத்து மூட ஆணையிட்டார். அதே சபையில் இருந்த மற்றோர் அதிகாரி எழுந்து, இது நீதியன்று என்றார். சுவரெழுப்பச் சொன்னவரையும் தடுத்துப் பேசியவரையும் பஞ்சாப் மக்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மறக்கவில்லை. அந்த வரலாற்றை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

மாகாண அதிகாரி என்பவர் யார்?

அக்பர் சக்கரவர்த்தி 1580ஆம் ஆண்டில் தம் பேரரசைப் பன்னிரண்டு மாகாணங்களாகப் பிரித்தார். மாகாணத்துக்குச் சுபா என்று பெயர். அதன் தலைவர் சுபேதார். அவருக்கு அருகிலேயே, ஆனால் அவருக்குக் கட்டுப்படாமல், வரவு செலவைக் கவனிக்கத் திவான் ஒருவர் இருப்பார். ஒருவர் கையில் படை, மற்றொருவர் கையில் பணம். இருவரும் ஒருவரையொருவர் கண்காணிக்க, டில்லி இருவரையும் கண்காணித்தது. சுபாவின் உட்பிரிவு சர்க்கார். சர்க்காரில் அமைதி காக்கவும், வரி கொடாதவரை அடக்கவும் படையுடன் இருந்தவர் பௌஜ்தார்.

இந்த அதிகாரிகள் நிலையான அரசர்கள் அல்லர். சக்கரவர்த்தி ஓர் ஆணையால் நியமிப்பார், மற்றோர் ஆணையால் மாற்றுவார். ஆதலால் தம் பகுதியில் கலகம் இல்லை, வரி குறையவில்லை என்று மேலிடத்துக்குக் காட்டிக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு எப்போதும் உண்டு. டில்லியோ தொலைவில் இருந்தது. குதிரையில் செய்தி போய் மறுமொழி வருவதற்குள் நாட்கள் பல கடந்துவிடும். அதுவரை அந்த அதிகாரி சொன்னதே சட்டம். நல்லவர் அமர்ந்தால் மாகாணம் செழிக்கும். அச்சமும் ஆத்திரமும் கொண்டவர் அமர்ந்தால் மக்கள் படும் பாட்டைச் சொல்லி முடியாது.

சீக்கியர் மீது பகை வந்த விதம்

குருநானக் 1469ஆம் ஆண்டில் இன்றைய பாகிஸ்தானில் உள்ள தல்வண்டி என்னும் ஊரில் பிறந்தார். இறைவன் ஒருவனே, அவன் முன் சாதியும் குலமும் இல்லை, உழைத்து உண்டு பிறரோடு பகிர்ந்து வாழ வேண்டும் என்று அவர் போதித்தார். அவரைப் பின்பற்றியோர் சீக்கியர் எனப்பட்டனர். சீடர் என்பதே அச்சொல்லின் பொருள். எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் லங்கர் என்னும் பொதுச் சமையற்கூடம் இன்றும் ஒவ்வொரு குருத்வாராவிலும் நடைபெறுகிறது. ஐந்தாம் குருவாகிய அர்ஜுன் தேவர் 1604இல் தொகுத்த அவர்களது மறைநூலில் குருமார்களின் பாடல்களுடன் கபீர், நாமதேவர், ரவிதாசர் பாடல்களும், முஸ்லிம் ஞானியான ஷேக் பரீதின் பாடல்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

அக்பர் காலம் வரை குருமார்களுக்கும் அரசுக்கும் நல்லுறவே இருந்தது. ஜஹாங்கீர் பட்டத்துக்கு வந்ததும் நிலைமை மாறியது. 1606இல் குரு அர்ஜுன் தேவர் லாகூரில் வதைக்கப்பட்டு இறந்தார். ஔரங்கசீப் காலத்தில் 1675ஆம் ஆண்டு நவம்பரில் ஒன்பதாம் குரு தேக் பகதூர் டில்லியின் சாந்தினி சௌக்கில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவருடைய மகனே பத்தாம் குருவாகிய கோவிந்த சிங். அப்போது அவருக்கு வயது ஒன்பது.

குரு கோவிந்த சிங், 1699ஆம் ஆண்டு வைசாகித் திருநாளில், சிவாலிக் மலையடிவாரத்திலுள்ள ஆனந்தபூரில் கால்ஸா என்னும் அமைப்பை நிறுவினார். உழவரும் கைவினைஞரும் தாழ்த்தப்பட்டோரும் ஒரே கிண்ணத்தில் அமிர்தம் அருந்தி, சிங் என்னும் ஒரே பெயரைச் சூடி, வாள் தரித்தனர். பெண்களுக்குக் கௌர் என்னும் பெயர் உரியதாயிற்று. நேற்று வரை குனிந்து நின்றவன் இன்று நிமிர்ந்து நிற்கிறான் என்றால், அதைக் கண்டு முதலில் கலங்குபவர்கள் அக்கம் பக்கத்து ஆண்டைகள்தாமே! ஆனந்தபூரைச் சுற்றியிருந்த மலைநாட்டு இந்து ராஜாக்களே முதலில் குருவின் மேல் பகை கொண்டனர். அவர்கள் மொகலாய அதிகாரிகளின் உதவியை நாடினர்.

ஆகவே இந்தப் பகையைச் சமயப் பகை என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட இயலாது. சமய வெறி இருந்தது உண்மை. அத்துடன், ஆயுதம் தாங்கிய உழவர் கூட்டம் வரி கொடுக்க மறுக்குமோ என்ற அச்சமும் இருந்தது. டில்லிக்கும் லாகூருக்கும் இடையிலான பெருவழி பாதுகாப்பாக இருக்க வேண்டுமே என்ற கவலையும், பதவியைக் காத்துக்கொள்ளும் ஆசையும் இருந்தன. இவை எல்லாம் ஒன்று கூடியபோதுதான் கொடுமை விளைந்தது.

ஆனந்தபூரிலிருந்து சிர்ஹிந்துக்கு

அம்பாலாவுக்கும் லூதியானாவுக்கும் இடையே, அந்தப் பெருவழியின் மேல் அமைந்த செல்வம் மிக்க நகரம் சிர்ஹிந்த். டில்லி சுபாவைச் சேர்ந்த சர்க்கார் அது. அதன் பௌஜ்தார் வஸீர்கான். பதவியில் பௌஜ்தார் ஆயினும், அவருடைய செல்வாக்கு காரணமாகச் சீக்கியர் வழக்கில் அவரைச் சிர்ஹிந்தின் சுபா என்றே குறிப்பிடுவர்.

வஸீர்கானின் படையும் லாகூர்ப் படையும் மலைநாட்டு ராஜாக்களின் படைகளும் சேர்ந்து ஆனந்தபூரை முற்றுகையிட்டன. மாதக் கணக்கில் நீடித்த முற்றுகையில் உள்ளே தானியம் தீர்ந்தது, தண்ணீரும் அரிதாயிற்று. வெளியேறினால் யாரும் தொடமாட்டார்கள் என்று சத்தியம் செய்து கொடுக்கப்பட்டது. அதை நம்பிக் குரு கோவிந்த சிங் ஒரு மார்கழிக் குளிரிரவில் கோட்டையை விட்டுப் புறப்பட்டார். 1704ஆம் ஆண்டு டிசம்பர் என்று சிலரும் 1705 டிசம்பர் என்று சிலரும் கணக்கிடுகின்றனர். சத்தியம் காற்றில் பறந்தது. பின்னாலிருந்து படைகள் தாக்கின. முன்னாலோ சர்ஸா ஆறு வெள்ளம் பெருகி ஓடியது. அந்தக் குழப்பத்தில் குருவின் குடும்பம் சிதறியது.

மூத்த புதல்வர்கள் அஜீத் சிங்கும் ஜுஜார் சிங்கும் தந்தையுடன் சம்கௌர் என்னும் ஊரை அடைந்து, அங்கு நடந்த போரில் வீர மரணம் எய்தினர். இளைய புதல்வர்களான ஜொராவர் சிங்கும் பதே சிங்கும் தம் பாட்டி மாதா குஜ்ரியுடன் தனித்துப் போயினர். ஜொராவருக்கு வயது ஒன்பது. பதே சிங்குக்கு ஏழு வயதுகூட நிரம்பவில்லை. நம் பள்ளியில் முதல் வகுப்பிலோ இரண்டாம் வகுப்பிலோ சிலேட்டுப் பலகையுடன் அமர்ந்திருக்க வேண்டிய வயது!

குருவின் வீட்டில் முன்பு பணிபுரிந்த கங்கு என்பவன் அம்மூவரையும் தன் ஊருக்கு அழைத்துச் சென்றான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வது என்பார்களே, அதைத்தான் அவன் செய்தான். பரிசுப் பணத்துக்கு ஆசைப்பட்டு அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்தான். மூவரும் சிர்ஹிந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, நாற்புறமும் வாடைக்காற்று வீசும் ஒரு கோபுரத்தில் அடைக்கப்பட்டனர். குளிர்க் கோபுரம் என்றே அதற்குப் பெயர். மோதிராம் மெஹ்ரா என்ற பணியாளர் ஒருவர் தம் உயிரையும் பொருட்படுத்தாமல் இரவில் அச்சிறுவர்களுக்குப் பால் கொண்டுபோய்க் கொடுத்தார் என்று சீக்கியர் மரபு போற்றுகிறது.

சபையில் மூன்று மனிதர்கள்

சிறுவர்கள் வஸீர்கானின் சபையில் நிறுத்தப்பட்டனர். மதம் மாறினால் உயிரும் கிடைக்கும், செல்வமும் கிடைக்கும் என்று ஆசை காட்டப்பட்டது. பின்பு அச்சுறுத்தப்பட்டது. இருவரும் இணங்கவில்லை. பாட்டனார் தேக் பகதூர் எதற்காக உயிர் கொடுத்தார் என்பதைப் பாட்டி மடியில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அல்லவா அவர்கள்?

அந்தச் சபையில் இருந்த மூவரை நாம் உற்றுநோக்க வேண்டும்.

முதலாமவர் வஸீர்கான். அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. சிறுவர்களைப் பாட்டியுடன் அனுப்பிவிடலாம். அல்லது அவர்களைக் கொன்று, பல போர்களில் தம் கைக்குச் சிக்காத தந்தையின் நெஞ்சைப் புண்படுத்தலாம். அதிகாரம் முழுவதும் அவர் கையில் இருந்தது. அவர் இரண்டாவது வழியைத் தேர்ந்தார்.

இரண்டாமவர் திவான் சுச்சா நந்த். அவர் முஸ்லிம் அல்லர், இந்து. பாம்பைக் கொல்பவன் அதன் குட்டிகளையும் விடக்கூடாது என்னும் கருத்தில் பேசி, அதிகாரியின் சினத்துக்கு அவர் நெய் வார்த்தார் என்று மரபு கூறுகிறது. மேலிடத்தின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து அந்தப் பக்கமே பேசுவோர் எக்காலத்திலும் உண்டு.

மூன்றாமவர் மாலேர்கோட்லாவின் நவாப் ஷேர் முகம்மது கான். அவர் முஸ்லிம். மொகலாயருக்கு உண்மையான படைத்தலைவர். குருவுக்கு எதிராகப் போர்க்களத்தில் நின்றவர். அவருடைய உறவினர் குருவின் படையோடு நடந்த போரில் இறந்திருந்தனர். ஆகவே பழி தீர்த்துக்கொள்ள இதோ வாய்ப்பு என்று வஸீர்கான் அவரிடம் சொன்னதாகக் கூறுவர். பழிவாங்கக் காரணம் உள்ள ஒருவர் அந்தச் சபையில் இருந்தார் என்றால் அவர்தாம். ஆனால் அவரே எழுந்து மறுத்தார். என் பகை தந்தையோடு, போர்க்களத்தில். பால் மணம் மாறாத இப்பிள்ளைகளோடு எனக்கு வழக்கு இல்லை. தந்தை செய்ததற்குப் பிள்ளையைத் தண்டிப்பது இஸ்லாம் நெறிக்கு முரண் என்னும் கருத்தில் வாதாடினார். அவர் சொல் எடுபடவில்லை. மனம் நொந்து சபையை விட்டு வெளியேறினார். அவருடைய அந்தக் குரலைப் பஞ்சாபி மொழியில் 'ஹா தா நாரா' என்கின்றனர். அநீதி கண்டு எழுப்பிய கூக்குரல் என்பது அதன் பொருள்.

மாணவியரே, இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். காட்டிக்கொடுத்தவனும் தூபம் போட்டவரும் இந்துக்கள். ஆணையிட்டவர் முஸ்லிம். தடுக்க முயன்றவரும் முஸ்லிம். நல்லவரும் தீயவரும் மதத்தின் எல்லைக்கோட்டின்படி பிரிந்து நிற்கவில்லை. அவரவர் மனச்சாட்சியின்படியே பிரிந்து நின்றனர்.

சுவர்

சிறுவர்களைச் சுற்றிச் செங்கல் வைத்துச் சுவர் எழுப்பப்பட்டது. சுவர் ஓரளவு உயர்ந்ததும் இடிந்து விழுந்தது என்றும், மூர்ச்சையுற்ற பிள்ளைகள் பின்னர் வாளால் கொல்லப்பட்டனர் என்றும் சொல்லப்படுகிறது. செய்தி கோபுரத்தை எட்டியபோது மாதா குஜ்ரியின் உயிரும் பிரிந்தது. கணவரைச் சாந்தினி சௌக்கில் இழந்தவர் அந்த மூதாட்டி. ஒரே கிழமைக்குள் நான்கு பேரப்பிள்ளைகளும் மறைந்தனர்.

உடல்களை எரிக்க நிலம் கொடுக்கவும் யாரும் முன்வரவில்லை. பொற்காசுகளை நெருக்கமாகப் பரப்பி நிறைக்கும் அளவு நிலமே விலைக்குக் கிடைக்கும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டதாம். தோடர்மல் என்னும் வணிகர் தம் செல்வத்தைக் கொட்டி அந்த நிலத்தை வாங்கினார் என்றும், மூவருக்கும் இறுதிக் கடன் செய்தார் என்றும் மரபு கூறுகிறது. அவ்விடத்தில் இன்று ஜோதி ஸ்வரூப் குருத்வாரா இருக்கிறது. சுவர் எழுந்த இடத்தில் பதேகர் சாஹிப் குருத்வாரா இருக்கிறது. பதேகர் சாஹிப் என்பதே 1992 முதல் அந்த மாவட்டத்தின் பெயருமாகும். ஆண்டுதோறும் டிசம்பர்க் கடைசியில் இலட்சக்கணக்கானோர் அங்கே கூடுகின்றனர். 2022ஆம் ஆண்டு முதல் டிசம்பர் 26ஆம் நாளை வீரச் சிறுவர் நாளாக இந்திய அரசு கொண்டாடி வருகிறது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் அது. அதற்கு இரண்டு நாள் கழித்து, ஏரோது மன்னனின் அச்சத்துக்குப் பலியான மாசில்லாக் குழந்தைகளைத் திருச்சபை நினைவுகூருகிறது. அரியணையில் இருப்பவன் தொட்டிற் குழந்தைக்கு அஞ்சும் கொடுமை எந்த ஒரு நாட்டுக்கும் தனியுரிமை அன்று.

வினை விதைத்தவன்

குரு கோவிந்த சிங் மனம் தளரவில்லை. சத்தியத்தை மீறிய செயலைக் கண்டித்து ஔரங்கசீப்புக்குப் பாரசீக மொழியில் ஸஃபர்நாமா என்னும் கவிதை மடல் எழுதினார். வெற்றி மடல் என்பது அதன் பொருள். 1707இல் ஔரங்கசீப் காலமானார். 1708 அக்டோபரில் கோதாவரிக் கரையிலுள்ள நாந்தேட்டில், கொலையாளியின் கத்திக் காயத்தால் குருவும் மறைந்தார். கொலையாளியை ஏவியவர் வஸீர்கானே என்று பலரும் கருதுகின்றனர்.

மறையுமுன் குரு, பண்டா சிங் பகதூர் என்பவரைப் பஞ்சாபுக்கு அனுப்பியிருந்தார். உழவர்கள் ஆயிரக்கணக்கில் அவரைச் சூழ்ந்தனர். 1710 மே மாதம் சப்பர் சிரி என்னும் வெளியில் நடந்த போரில் வஸீர்கான் கொல்லப்பட்டார். சிர்ஹிந்த் நகரம் வீழ்ந்தது. அந்த வெற்றியின் வெறியில் குற்றமற்ற பலரும் மாண்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன. ஓர் அதிகாரி செய்த பாவத்துக்கு ஊரே விலை கொடுத்தது. ஆனால் மாலேர்கோட்லா அழிவுக்கு உட்படவில்லை. நவாபின் குரலைச் சீக்கியர் மறக்கவில்லை.

லாகூரின் அதிகாரிகள்

வஸீர்கானோடு கொடுமை முடிந்துவிட்டதா? இல்லை. 1715 டிசம்பரில் லாகூர் மாகாண ஆளுநர் அப்துஸ் சமத் கான் நீண்ட முற்றுகைக்குப் பின் பண்டா சிங்கைப் பிடித்தார். எழுநூறுக்கு மேற்பட்ட கைதிகள் டில்லிக்குக் கொண்டு செல்லப்பட்டு நாள்தோறும் கொல்லப்பட்டனர். அப்போது டில்லியில் தங்கியிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதர்கள், ஒருவர்கூடத் தம் சமயத்தை விடவில்லை என வியந்து 1716 மார்ச்சில் கல்கத்தாவுக்குக் கடிதம் எழுதினர். அவ்வாண்டு ஜூனில் பண்டா சிங்கும் வதைத்துக் கொல்லப்பட்டார்.

அப்துஸ் சமத் கானின் மகன் ஸக்கரியா கான் 1726 முதல் 1745 வரை லாகூரை ஆண்டார். சீக்கியர் தலைக்கு விலை வைத்தார். துப்புக் கொடுப்பவனுக்கு ஒரு தொகை, தலை கொண்டு வருபவனுக்கு ஒரு தொகை என்று வகைப்படுத்தினார். ஊர்களை விட்டுக் காடுகளிலும் மலைகளிலும் சீக்கியர் ஒளிந்து வாழ்ந்தனர். அடக்குமுறை பலிக்காததால் 1733இல் அவரே ஜாகீரும் நவாப் பட்டமும் தந்து சமாதானம் பேசினார். அது நீடிக்கவில்லை. மீண்டும் வேட்டை தொடங்கியது. பூலா என்னும் ஊரைச் சேர்ந்த தாரு சிங் ஓர் எளிய உழவர். காட்டில் ஒளிந்திருந்தவர்களுக்குச் சோறு கொடுத்ததே அவர் செய்த குற்றம். 1745இல் லாகூரில் தலைமுடியைத் தோலோடு களைந்து அவரை வதைத்தனர். பசித்தவனுக்கு உணவிடுவதும் இராஜத் துரோகம் ஆகிவிட்ட காலம் அது!

1748 முதல் 1753 வரை ஆண்டவர் மீர் மன்னு. ஆண்கள் கைக்கு அகப்படாதபோது அவருடைய ஆட்கள் பெண்களையும் குழந்தைகளையும் லாகூருக்கு இழுத்து வந்து சிறையிலிட்டனர். நாளொன்றுக்கு ஒன்றேகால் மணங்கு தானியத்தைத் திருகையில் அரைக்க வேண்டும் என்பது அவர்களுக்கு விதிக்கப்பட்ட தண்டனை. திருகைக் கல்லை ஒரு நாழிகை சுற்றிப் பார்த்தவர்களுக்கு அந்த வேதனை புரியும். கண்ணெதிரே பிள்ளைகளைப் பறிகொடுத்தும் அத்தாய்மார்கள் தம் நம்பிக்கையைக் கைவிடவில்லை. அவர்கள் கையில் வாள் இல்லை, அவர்களைப் பாடப் புலவரும் இல்லை. பெரும்பாலோருடைய பெயர்கூட எழுதி வைக்கப்படவில்லை. ஆயினும் போர்க்களத்தில் நின்ற வீரருக்கு அவர்கள் எவ்வகையிலும் குறைந்தவர்கள் அல்லர். சீக்கியர் இன்றும் அவர்களைப் பெருமையோடு நினைவுகூருகின்றனர்.

மன்னுவை அரிவாளுக்கும், தம்மை வெட்ட வெட்டத் தழைக்கும் பூண்டுக்கும் ஒப்பிட்டு அக்காலத்துச் சீக்கியர் ஒரு பழமொழி சொல்லி வந்தனர். அது மெய்யாயிற்று. 1764இல் சிர்ஹிந்தும், மறு ஆண்டில் லாகூரும் சீக்கியர் வசமாயின. 1799இல் ரஞ்சித் சிங் லாகூருக்குள் நுழைந்தார். அவருடைய அரசில் பக்கீர் அஜீஸுத்தீன் என்னும் முஸ்லிம் பெரியார் மிகவும் நம்பிக்கைக்குரிய அமைச்சராக விளங்கினார்.

அடக்குமுறை ஏன் தோற்றது?

இத்தனை படையும் பணமும் இருந்தும் இந்த அதிகாரிகளால் ஒரு சிறு சமூகத்தை ஏன் ஒழிக்க முடியவில்லை? மூன்று காரணங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

முதலாவது, அவர்கள் தண்டித்தது குற்றத்தை அன்று, நம்பிக்கையை. திருடனைத் தண்டித்தால் ஊர் மகிழும். பசித்தவனுக்குச் சோறிட்டவனைத் தண்டித்தால் ஊர் அவன் பக்கம் சாயும்.

இரண்டாவது, கொடுத்த வாக்கை மீறினார்கள். சத்தியம் செய்து வெளியே வரவழைத்துத் தாக்கிய பிறகு, அரசின் எந்தச் சொல்லையும் மக்கள் நம்பவில்லை. நம்பிக்கை போன அரசுக்குக் கோட்டை இருந்தும் பயனில்லை.

மூன்றாவது, அச்சுறுத்தலால் மக்களைப் பிரிக்க நினைத்தார்கள்; அது அவர்களை ஒன்று சேர்த்தது. நம் தமிழகத்திலும் 1693இல் ஓரியூரில் புனித அருளானந்தர் வெட்டுண்டு இறந்தபோது, இத்துடன் எல்லாம் முடிந்தது என்றுதான் ஆணையிட்டோர் எண்ணியிருப்பர். அந்தச் செம்மண்ணை நாடி இன்றும் மக்கள் செல்வதை நாம் அறிவோம். அங்கே ஆண்டவர் ஓர் இந்து மன்னர். ஐரோப்பாவிலோ கிறிஸ்தவ அரசர்களே சமயத்தின் பெயரால் மக்களை வதைத்ததும் உண்டு. ஆகவே எந்தச் சமயத்தாரையும் நோக்கி நாம் விரல் நீட்டத் தேவையில்லை. அதிகாரமும் அச்சமும் கைகோக்கும் இடமெல்லாம் சிர்ஹிந்த் உருவாகும்.

1947இல் நடந்தது

நாடு பிரிந்த 1947ஆம் ஆண்டில் பஞ்சாப் எங்கும் இரத்தம் ஓடியது. நூற்றாண்டுக் கணக்கில் அண்டை வீட்டாராக இருந்தவர்கள் ஒருவரையொருவர் வெட்டி மாய்த்தனர். எல்லைக்கு இந்தப் பக்கம் முஸ்லிம்களும் அந்தப் பக்கம் இந்துக்களும் சீக்கியர்களும் உயிருக்கு அஞ்சி ஓடினர். ஆனால் முஸ்லிம்கள் மிகுந்த மாலேர்கோட்லாவில் கொலைவெறி நுழையவில்லை. சுற்று வட்டாரத்திலிருந்து ஓடிவந்த முஸ்லிம்கள் அந்தச் சிறு நகரத்துக்குள் கால் வைத்ததும் உயிர் பிழைத்தனர். இது ஏன் என்று கேட்டால் பஞ்சாப் மக்கள் இன்றும் சொல்லும் முதல் விடை, நவாப் ஷேர் முகம்மது கான் அன்று எழுப்பிய குரல் என்பதே. குருவின் பிள்ளைகளுக்காகப் பேசியவரின் ஊரைத் தொடக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்த சொல், சட்டமும் போலீசும் செயலற்றுப் போன நாளில் ஓர் ஊரைக் காத்தது.

அந்நகரில் 'ஹா தா நாரா' என்னும் பெயராலேயே ஒரு குருத்வாரா உள்ளது. 2021இல் மாலேர்கோட்லா தனி மாவட்டமாயிற்று. முஸ்லிம்களும் சீக்கியரும் இந்துக்களும் அங்கே இன்றும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர்.

நாம் கொள்ளவேண்டிய பாடம்

ஷேர் முகம்மது கான் அச்சிறுவர்களைக் காப்பாற்றினாரா? இல்லை. அவர் பேசிய பின்னும் சுவர் எழுந்தது. அன்று மாலை யாரேனும் அவரிடம், நீர் பேசி என்ன பயன் என்று கேட்டிருந்தால் அவரால் விடை கூறியிருக்க முடியாது. விடை வருவதற்கு இருநூற்று நாற்பது ஆண்டுகள் ஆயின. அவர் பெயரைக் கேட்டிராத தாய்மார்கள்கூட அந்த விடையால் தம் குழந்தைகளுடன் உயிர் தப்பினர்.

அரசாங்கச் சபையில் பேசும் வாய்ப்பு நம்மில் பலருக்குக் கிட்டாமல் போகலாம். ஆனால் வகுப்பறையில், விடுதியில், தெருவில், சொந்த வீட்டில், எளியவர் ஒருவர் மேல் வீண்பழி விழும் வேளை எல்லாருக்கும் வரும். அப்போது சுச்சா நந்தைப் போல் பெரியவர் முகம் பார்த்துத் தலையாட்டலாம். நமக்கேன் வம்பு என்று வாய்மூடி இருக்கலாம். இல்லையேல், கேட்பார் கேளாவிட்டாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம். அவர் நமக்கு வேண்டாதவராகவே இருந்தாலும், இது நியாயமன்று என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். கல்வி நமக்குத் தரவேண்டிய துணிவு அதுவே.

வஸீர்கான் கட்டிய சுவர் அன்றே இடிந்தது. ஷேர் முகம்மது கானின் சொல்லோ இன்றும் ஓர் ஊருக்குக் காவலாய் நிற்கிறது.